காப்புக் கட்டிய ஊரில் ஒரு வளையல் பெட்டி

நான் ஓய்வு பெற்ற அன்று, திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவே உள்ள ஊர்களில் பிள்ளைகளெல்லாம் நிம்மதியாகத் தூங்கியிருக்கும். நான் அம்மை குத்துகிறவன். அரசாங்கத் தாளில் அந்த வேலைக்கு நீளமாக ஒரு பேர் உண்டு. அந்தப் பேர் ஒரு நாளும் என்னோடு எந்த ஊருக்குள்ளும் வந்ததில்லை. நேரில் ‘அய்யா’ என்பார்கள், முதுகைத் திருப்பினால் ‘ஊசிக்காரன்’.

இப்போது ஊசி என்றால் நீங்கள் நினைக்கிற ஊசி இல்லை அது. முள்ளு முள்ளாக வைத்த ஒரு சின்ன வட்டு, அதற்கு ஒரு காம்பு. மேல்கையில் அம்மைப்பாலைத் தடவி, வட்டை வைத்து அழுத்தி, ஒரு திருகு திருக வேண்டும். பிற்பாடு ரெண்டு முனை ஊசி வந்தது. வலி கொஞ்சம் குறைந்தது, வசவு குறையவில்லை.

அந்த வசவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அதற்கு மேல் எனக்குத் தெரிந்த தமிழெல்லாம் வீட்டு வாசல்களில் நின்று வாங்கிக் கட்டிக்கொண்டதுதான். “நீ போற பாதையெல்லாம் நெருஞ்சி மொளைக்க” என்றது ஒரு அம்மா. அந்தக் கரிசல் பாதையில் நெருஞ்சி ஏற்கெனவே முளைத்துத்தான் கிடந்தது. அவளாக ஒரு முயற்சியும் எடுக்க வேண்டியிருக்கவில்லை. இன்னொருத்தி, “உன் சைக்கிளு டயரு வெடிக்க, வெடிச்ச எடத்துல ஒட்டுற கடை இல்லாமப் போக” என்றாள். கடை இல்லாத இடம் வரைக்கும் யோசித்து வைகிறவளை எப்படி வெறுப்பது? சைக்கிளை நிறுத்தி, “இன்னொரு தரம் சொல்லுத்தா” என்று கேட்டு மனதில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன்.

மாரியாத்தாளுக்கும் எனக்கும் தொழில் போட்டி. அவள் முத்துப் போடுவாள், நான் ஊசி போடுவேன். அவளுக்குக் கோயில் இருந்தது, கூழ் ஊற்றினார்கள், பொங்கல் வைத்தார்கள். எனக்கு மாதச் சம்பளமும் சைக்கிளும். ஊர்ச்சனம் யார் பக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த முதல் வாரம் என் மனைவி மரியாதையாகத்தான் நடந்துகொண்டாள். ரெண்டாவது வாரம் நான் அடுப்படிக்குள் போய், புளியை இவ்வளவு நேரம் ஊறவைக்கத்தான் வேண்டுமா என்று கேட்டுவிட்டேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள்.

“இந்தாங்க, உங்களுக்கு யாரையாச்சும் குத்திக்கிட்டே இருக்கணும்னா தெருவுல போயி நில்லுங்க. எனக்குக் கல்யாணமான வருசமே குத்தியாச்சு.”

என் பிறந்த வீடும் அவள் பிறந்த வீடும் வியாபாரக் குடும்பங்கள். அருப்புக்கோட்டையில் எங்கள் சொந்தக்காரர்கள் விற்காத பொருள் கிடையாது. அதில் சம்பளம் வாங்கப் போனவன் நான் ஒருத்தன்தான். கல்யாண வீட்டுப் பந்தியில் என்னைக் காட்டி, “அவுக கவர்மெண்டு” என்று சொல்வார்கள், ‘அவுகளுக்குக் காது கேக்காது’ என்று சொல்கிற அதே குரலில்.

மனைவியின் தம்பி பாளையம்பட்டியில் பலசரக்குக் கடை வைத்திருந்தான். என் நிலைமையைக் கேள்விப்பட்டு ஒரு நாள் வந்தான்.

“அத்தான், சும்மா வீட்டுல உக்காந்து அக்கா உசுர வாங்காம நம்ம கடைக்கு வந்துருங்க. காத்தாட உக்காந்து பொட்டலம் மடிங்க. கத்துக்கிறது ஒண்ணும் கஷ்டமில்ல.”

ஒரு நாள் போய் உட்கார்ந்தும் பார்த்தேன். அவன் கல்லாவில் மேலே, நான் அவன் காலுக்குப் பக்கத்தில் கீழே, பழைய பேப்பர்க் கட்டோடு. நான் மடித்த முதல் பொட்டலம் வாங்கியவர் கையிலேயே அவிழ்ந்து கடுகு முழுக்கத் தெருவில் ஓடியது. “அத்தான் சம்பளக்காரரு, அவுகளுக்கு இதெல்லாம் பழக்கமில்ல” என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தான். அவன் சின்னப் பையனாக இருந்தபோது அம்மை குத்த வந்த என்னைக் கண்டு வைக்கோற்போருக்குள் ஒளிந்தான். கால் மட்டும் வெளியே தெரிய, காலைப் பிடித்து இழுத்துக் குத்தினேன். அதற்கு அவன் இப்போது வட்டி வசூலிக்கிறான் என்று எனக்குப் பட்டது. பேப்பரில் பாதியைப் படித்துவிட்டு மீதியை மடித்து வைத்துச் சாயங்காலம் எழுந்து வந்துவிட்டேன்.

வாழ்நாளெல்லாம் வெயிலில் திரிந்தவன் நான். அந்தக் கல்லாக் காலடியில் உட்கார்ந்தால் ஆறு மாதத்தில் நானே ஒரு பொட்டலமாகிவிடுவேன். ஆகவே சொந்தமாகத் தொழில் தொடங்குவது என்று முடிவெடுத்தேன். என்ன தொழில்? சைக்கிள் இருந்தது. ஊர்களுக்குப் பாதை தெரியும். எந்த ஊரில் எந்த வீட்டில் எத்தனை பெண்கள் என்பது அந்த ஊர்க் கணக்குப்பிள்ளையை விட எனக்குத் தெரியும். கையைப் பிடிப்பதில் என்னளவு அனுபவம் இந்தத் தாலுகாவில் யாருக்கும் கிடையாது. வளையல் வியாபாரம்!

என் மைத்துனன் சிரித்த சிரிப்பில் அவன் கடைத் தராசே ஆடியது.

“ஒங்களக் கண்டா கையப் பின்னால கட்டிக்கிட்டு ஓடுற சனம், ஒங்ககிட்டயா கைய நீட்டப் போகுது? சரி அத்தான், ஒரு பேச்சு. சித்திரை ஒண்ணாந் தேதி வரைக்கும் பாருங்க. அதுக்குள்ள அந்தப் பெட்டி ஒரே ஒரு தடவ காலியாகட்டும், நான் வாயத் தொறக்கல. இல்லேன்னா பேசாம எங் கடைக்கு வந்துரணும்.”

“சரி மாப்ள” என்றேன். என் மனைவிதான் சாட்சி. அவள் தம்பி பக்கம் என்பதை மறைக்கவே இல்லை.

ஒரு மரப்பெட்டி நிறையக் கண்ணாடி வளையல் எடுத்தேன். சிவப்பு, கிளிப்பச்சை, பொன்கோடு போட்டது, சாதா எல்லாம். வளையல் போட்டுவிடுவதிலும் ஒரு வித்தை உண்டு. கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, விரல் முட்டியை அமுக்கிப் பிசைந்து, கை இளகி வரும் நேரத்தில் வளையலை வழுக்கி ஏற்ற வேண்டும். ஏற்றும்போது உடைந்தால் நஷ்டம் வியாபாரிக்கு. மனைவியின் கையில் பழகினேன். “சர்வீஸுல கூட இவ்வளவு ரத்தம் பாத்திருக்க மாட்டீக” என்றாள் அவள், தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே.

மாசி மாதம் கிளம்பினேன். கிளம்பிய பிறகுதான் தெரிந்தது, என் மண்டை ஓய்வு பெற்றிருந்ததே தவிர உடம்பு இன்னும் சர்வீஸில்தான் இருந்தது. அம்மை குத்துகிறவன் ஊருக்குள் எப்படிப் போக வேண்டும்? சனம் காட்டுக்குப் போகும் முன்பு, விடியக் கருக்கலில், தெரு வழியாக இல்லாமல் பின்பக்கம் மந்தை வழியாக, சத்தமில்லாமல். வளையல்காரன் எப்படிப் போக வேண்டும்? வேலையெல்லாம் முடிந்து பெண்கள் ஓய்ந்திருக்கிற நேரத்தில், தெருமுனையிலிருந்தே “வளையலு, வளையலோய்” என்று கத்திக்கொண்டு. நானோ கருக்கலில் ஒரு வீட்டின் பின்வாசலில் போய் நின்று, பல் விளக்கிக்கொண்டிருந்த பெண்ணின் காதருகே மெதுவாக, “கையக் குடு தாயி” என்றேன். அவள் போட்ட சத்தத்தில் கிடை ஆடு முழுக்க எழுந்துவிட்டது.

பாலவனத்தம் பக்கம் ஒரு ஊரில் புதுசாகக் கல்யாணமாகி வந்த பெண் ஒருத்தி நம்பிக் கையை நீட்டினாள். பெரிய சந்தோசம் எனக்கு. முட்டியை அமுக்கினேன். அவள் முகம் சுளித்தாள். என் வாய் தானாகச் சொன்னது: “எறும்பு கடிச்ச மாதிரித்தான் இருக்கும், அங்கிட்டுத் திரும்பிக்க.” வளையல் ஏறியது. “சொறியாத. காய்ச்சல் வந்தாப் பயப்படாத” என்றேன். வளையல் போட்டதற்குக் காய்ச்சல் வரும் என்று சொன்ன வியாபாரி உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். அவள் மாமியார் வந்து அந்த வளையலையும் கழற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

ஒரு மாதம் இப்படியே போனது. பெட்டி கனம் குறையவில்லை. பங்குனி வெயில் ஏறிவிட்டது. வழிநெடுக மிளகாய் காயப்போட்டிருந்தார்கள். தும்மிக்கொண்டே சைக்கிள் மிதித்தேன். மைத்துனன் கடையில் எனக்கென்று ஒரு மணைப்பலகை செய்யச் சொல்லியிருக்கிறான் என்று செய்தி வந்தது. இழைத்த பலகையாம்.

அந்த நிலைமையில்தான் திருச்சுழிக்குக் கிழக்கே ஒரு ஊருக்கு வழக்கம்போலக் கருக்கலில், மந்தை வழியாகப் போனேன். மேளச்சத்தம் கேட்டது. கல்யாணம் போலிருக்கிறது, நல்ல கூட்டம் என்று வேகமாக மிதித்தேன். கோயிலுக்குப் பின்பக்கமாக வந்து முன்னால் எட்டிப் பார்த்தால், ஊரே ஈரத் துணியோடு நிற்கிறது. பூசாரி கையில் மஞ்சள் கட்டிய கயிறு. அவர் அதைக் கட்டி முடிச்சுப் போடவும் என் சைக்கிள் மணி தானாக ஒரு அடி அடிக்கவும் சரியாக இருந்தது.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

விசயம் இதுதான். மாரியாத்தாளுக்குக் காப்புக் கட்டிவிட்டால், அந்த நேரம் ஊர் எல்லைக்குள் நின்றவர்கள் எட்டாம் நாள் முளைப்பாரி கரைக்கிற வரைக்கும் எல்லையைத் தாண்டக் கூடாது. விருந்தாளியானாலும் சரி, ஆடு வாங்க வந்தவனானாலும் சரி, எல்லைக்குள் நின்றால் அந்த ஊர் ஆள்தான். காப்புக்குப் பிறகு வந்து போகிறவர்களுக்கு இந்தக் கட்டு இல்லை. வேலையில் இருக்கும்வரை எந்த ஊரில் எப்போது காப்பு என்பதை ஆபீஸிலேயே கேட்டு விலகிப் போவோம். ஓய்வு பெற்றவனுக்கு யார் சொல்வார்கள்?

“ஏலே, ஊசிக்காரருடோய்!” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

“இவுகள விடவா, வைக்கவா? பூசாரி, ஆத்தாகிட்டயே கேட்டுப்புடும்” என்றது இன்னொன்று.

பூசாரிக்குச் சாமி வந்தது. அந்தப் பூசாரியை எனக்கு நன்றாகத் தெரியும். வாலிபத்தில் என் ஊசியைப் பார்த்ததுமே மயங்கி விழுந்த ஆள். விழுந்து கிடக்கும்போதே குத்திவிட்டேன். இப்போது ஆத்தா அவர் வாய் வழியாக என்னைப் பார்த்துச் சொன்னாள்:

“முப்பது வருசமா என் சோலிக்குக் குறுக்க வந்தவன்! இவன விட்டுப்புடாதீக. எட்டு நாளும் எங் கண்ணு முன்னாலயே கெடக்கட்டும்!”

ஆத்தா சொன்னாளோ, பூசாரி சொன்னாரோ, தீர்ப்பு தீர்ப்புதான். என்னைப் பள்ளிக்கூடக் கட்டிடத்தில் தங்க வைத்தார்கள். வீட்டுக்கு ஒரு வேளைச் சோறு. அந்த வழியாகப் போன லோடு வண்டிக்காரரிடம் வீட்டுக்குச் செய்தி சொல்லி அனுப்பினேன். மறுநாள் அவர் பதில் கொண்டுவந்தார். “ஒங்க வீட்டம்மா, ‘ஆத்தா புண்ணியத்துல எட்டு நாளைக்கு அடுப்படியில நிம்மதி’ன்னு சொன்னாக” என்றார்.

எட்டு நாள் ஒரே ஊரில் அடைப்பு. காப்பு அவிழ்ந்து மூன்றாம் நாள் சித்திரை பிறக்கிறது. பெட்டியில் ஒரு வளையல் குறையவில்லை. பெண்கள் திருவிழாவுக்கு வேண்டியதைத் திருச்சுழிச் சந்தையில் முன்னமே வாங்கி, உடைந்தால் மாற்ற ஒரு டஜன் கூடுதலாகவும் வைத்திருந்தார்கள். நான் பள்ளிக்கூடத்து வாசலில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எட்டிப் பார்த்தவர்கள் வளையலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள். பிடிபட்ட நரியைப் பார்ப்பது மாதிரி.

அந்த ஊரில் கும்மிக்கு முதல் அடி எடுத்துக் கொடுக்கிற அம்மா ஒருத்தி இருந்தாள். நாற்பது வயசு இருக்கும். நிலபுலம் உள்ள பெரிய சம்சாரி வீட்டுக்காரி. மிளகாய் மூட்டையைத் தானே தூக்கி வண்டியில் ஏற்றுகிற உடம்பு, தெரு முழுக்கக் கேட்கிற தொண்டை. சின்னப் பெண்ணாக இருந்தபோது என் கையைக் கடித்தவள். எனக்கு அது மறந்துவிட்டது. அவள்தான் ஞாபகப்படுத்தினாள்.

“ஏய்யா, நான் கடிச்ச தடம் இன்னும் இருக்கா?”

“இல்லயே தாயி.”

“அடடா, நீங்க போட்ட தடம் அப்படியே இருக்கு. எனக்குத்தான் கடிக்கத் தெரியல போல” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றைக்குச் சாயங்காலம் முளைப்பாரிச் சட்டிகளை நடுவில் வைத்துப் பெண்கள் சுற்றி நின்றார்கள். வழக்கமாக ஆத்தாள் புகழைத்தான் பாடுவார்கள். அந்த அம்மா ரெண்டு பாட்டு முடிந்ததும் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு எடுத்தாள்:

வாசலிலே சைக்கிள் மணி — அடி
வைக்கப்போருல ஒளிஞ்சோமடி
ஊசிக்காரன் வாராண்டி — நம்ம
உச்சந்தலை வேர்க்குதடி

அன்னைக்கு ஊசி கொண்டாந்தான் — நம்ம
ஆத்தா சோலியக் கெடுக்க வந்தான்
இன்னைக்கு வளையல் கொண்டாந்தான் — ஆத்தா
எல்லைக்குள்ள சிக்கிக்கிட்டான்

ஊர் சிரித்த சிரிப்பு! கிழவன் குமரி எல்லாம் திரும்பப் பாடச் சொன்னார்கள். பெண்கள் ஆத்தாளுக்குத் தட்டிய தட்டு வேறு, எனக்குத் தட்டிய தட்டு வேறு. முப்பது வருசத்துக் கோபத்தையும் உள்ளங்கையில் வைத்துத் தட்டினார்கள். கும்மி தட்டும்போது வளையலும் வளையலும் மோதும். ஒன்றிரண்டு உடைவது சகஜம். அன்றைக்கு எனக்குப் பாட்டுக்கு நடுவே கலீர் கலீர் என்று வேறொரு சத்தம் கேட்டது. விடிந்து பார்த்தால் கும்மி அடித்த இடத்தில் சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடித் துண்டு கிடந்தது. ஒரு அம்மா அதைக் கூட்டிக்கொண்டே, “பாவி மனுசா, ஒன்னால எங்கையி மொட்டையாச்சு” என்றாள்.

எனக்குள் படுத்துக் கிடந்த வியாபாரக் குடும்பத்து ரத்தம் அப்போதுதான் எழுந்து உட்கார்ந்தது.

கொஞ்சம் யோசியுங்கள். திருவிழா நேரத்தில் சுமங்கலி கை வளையல் இல்லாமல் இருக்கக் கூடாது. கூடுதலாக வாங்கி வைத்த டஜன் இன்னும் ஒரு நாள் தாங்கினால் அதிகம். சந்தைக்குப் போக எல்லை தாண்ட முடியாது. காப்புக் கட்டின ஊரில் எல்லோரும் முன்னமே வாங்கி முடித்திருப்பார்கள் என்று வேறெந்த வளையல்காரனும் எட்டிப் பார்க்க மாட்டான். உள்ளே இருக்கிற ஒரே பெட்டி என் பெட்டி. என்னைப் பற்றிய பாட்டு எவ்வளவு காரமோ அவ்வளவு வளையல் உடையும்!

நேராக அந்த அம்மா வீட்டு வாசலுக்குப் போனேன், தெரு வழியாக.

“தாயி, பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா சரக்குப் பத்தல. நான் வாங்குன வசவு எம்புட்டு இருக்கு தெரியுமா?”

அவள் ஆட்டுக்கல்லில் ஆட்டிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். நான் நெருஞ்சி வசவையும், டயர் வசவையும் சொன்னேன். நரிக்குடிப் பக்கம் ஒரு கிழவி என் ஊசிக்குப் பயந்து குதிருக்குள் இறங்கி, வெளியே வரத் தெரியாமல், “ஊசிக்காரா, என்னையத் தூக்கி விடுடா, குத்திக்க” என்று கூப்பிட்டதைச் சொன்னேன். தலையாரி ஒருத்தர் என்னைக் கூட்டிக்கொண்டு வந்து ஊரைக் காட்டிவிட்டு, தான் முதலில் பனைமரத்தில் ஏறிக்கொண்டதைச் சொன்னேன். அவள் மாவுக் கையோடு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அன்றைய கும்மியில் குதிரும் பனைமரமும் வந்தன. மறுநாள் காலையில் என் பெட்டிக்கு முன்னால் முதல் தடவையாகப் பெண்கள் உட்கார்ந்தார்கள். விருப்பத்தோடு ஒன்றுமில்லை. “வேற எடம் இருந்தா ஒங்ககிட்ட வருவமா?” என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டினார்கள். நீட்டும்போது தோளை மட்டும் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள். நானும் நாக்கைக் கடித்துக்கொண்டு, எறும்பைப் பற்றிப் பேசாமல் ஏற்றிவிட்டேன். எப்படி ஏற்றுவது என்று எனக்கே சொல்லிக் கொடுக்கவும் ஒருத்தி வந்தாள். “அமுக்குற எடம் அதில்லய்யா, இங்க” என்று தன் முட்டியைக் காட்டினாள். சாயங்காலம் பாட்டு, ராவிடிந்தால் உடைசல், காலையில் யாவாரம். பெட்டி பாதிக்கு இறங்கியது.

ஆறாம் நாள் காலையில் அந்த அம்மா பெட்டிக்கு முன்னால் வந்து நின்றாள். அதுவரை அவள் என்னிடம் ஒரு வளையல் வாங்கவில்லை. பெட்டியைப் பார்த்தாள், கும்மிக் களத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“ஏய்யா, நீங்க இந்தக் கதையெல்லாம் பாட்டுக்குச் சொல்றீகளா, வளையலுக்குச் சொல்றீகளா?”

பொய் சொல்லலாம் என்று பார்த்தேன். அந்தக் கண்ணுக்கு முன்னால் முடியவில்லை. “ரெண்டுக்குந்தான் தாயி” என்றேன்.

“அதானே பாத்தேன். நாங்க வைய, நீங்க விக்க. நல்லா இருக்கே நாயம்!”

அன்றைய கும்மியில் அவள் எடுத்தது தாலாட்டு. ஆத்தாளைத் தூங்க வைக்கிற பாட்டு. பெண்கள் பூப்போல விரல் நுனியால் தட்டினார்கள். ஒரு வளையல்கூட உடையவில்லை. ஏழாம் நாள் காலையில் என் பெட்டிக்கு முன்னால் ஒரு கோழிதான் வந்து நின்றது. மீதிப் பாதிப் பெட்டி அப்படியே இருந்தது. இழைத்த மணைப்பலகையும் மைத்துனனின் காலும் என் கண்ணுக்குள் தெரிந்தன.

திரும்ப அவள் வாசலுக்குப் போனேன்.

“தாயி, இந்தப் பெட்டி காலியாகலேன்னா நான் என் மைத்துனன் காலடியில உக்காந்து கடுகு பொட்டலம் மடிக்கணும்” என்று உள்ளதைச் சொன்னேன். பந்தயம், பலகை எல்லாம் சொன்னேன்.

அவள் எல்லாவற்றையும் கேட்டாள். “மைத்துனன் காலடியிலயா?” என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டாள். அந்த ஒன்று மட்டும் அவளுக்கு உறைத்தது போலிருந்தது.

“சரி. பழைய பாட்ட எடுக்குறேன். ஆனா இத்தன நாளும் நாங்க ஆடுனோம், நீங்க உக்காந்து பாத்தீக. இன்னைக்கு நீங்க எறங்கணும். வட்டத்துக்குள்ள நின்னு எம் பாட்டுக்கு எதிர்ப்பாட்டுப் பாடணும்.”

“ஆம்பளையா? கும்மியிலயா?”

“கவர்மெண்டு ஆம்பளைன்னு வேணும்னா வச்சுக்கிடுவோம்.”

பென்சன் வாங்குகிறவன். பேரன் பேத்தி எடுத்தவன். நாலு ஊர் சனம் திருவிழாப் பார்க்க வந்து போகிற இடம். எல்லாக் கதையும் மறுநாளே டவுனுக்குப் போய்விடும். பகல் முழுக்க அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் முன்னும் பின்னும் நடந்தேன். கடைசியில் ஒன்று தோன்றியது: இத்தனை வருசமும் ஊரையெல்லாம் அழவிட்டுச் சம்பளம் வாங்கினேனே, ஒரு நாள் சிரிக்க விட்டுச் சம்பாதித்தால் பென்சனை நிறுத்திவிடுவார்களா?

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். அவள் ஊசிப்பாட்டை முதலிலிருந்து எடுத்தாள். எனக்குக் கும்மி அடிக்கத் தெரியாது. குனிய வேண்டிய இடத்தில் நிமிர்ந்தேன், சுற்ற வேண்டிய இடத்தில் பக்கத்து அம்மாவின் காலை மிதித்தேன். “ஏ ஊசிக்காரரே, குத்தாம ஆடும்!” என்று கத்தினார் பூசாரி. என் முறை வந்தது. பகலில் கட்டி வைத்திருந்ததைப் பாடினேன்:

ஊசி போட்ட கையிதாம்மா — இப்ப
ஒடுங்கிக் கெடக்கு பெட்டியோட
ஏசுனது போதும் தாயே — ஒரு
எட்டு வளையல் வாங்கிக்கோங்க

“அடியேய், இங்கயும் யாவாரமா!” என்று ஒருத்தி கத்த, வட்டமே குலுங்கியது. அந்த அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த அடி எடுத்தாள், நான் பதில் எடுத்தேன், கைகள் அறைந்தன. என் காதுக்குப் பக்கத்தில் கண்ணாடி தெறித்தது. காலில் துண்டு குத்தியது. அதைக்கூட அப்புறந்தான் பார்த்தேன்.

எட்டாம் நாள் முளைப்பாரி கரைக்கப் போகும் முன்பு எல்லாப் பெண்களுக்கும் கை நிறைய வளையல் வேண்டியிருந்தது. மொட்டைக் கையோடு ஆத்தாளை வழியனுப்ப முடியாதே. பொழுது கிளம்பியதிலிருந்து உச்சி வரைக்கும் நிமிரவில்லை நான். அளவு சரியில்லாததைக்கூடப் பிசைந்து பிசைந்து ஏற்றினேன். கடைசியாக அந்த அம்மா வந்து உட்கார்ந்தாள். பெட்டியில் சாதாப் பச்சையில் சின்ன அளவு ஒரு சரம் மட்டும் கிடந்தது. அவள் கையோ மூட்டை தூக்குகிற கை.

“ஏறாது தாயி.”

“எங்கையில ஏறாட்டி என்ன? மகளுக்கு ஆகும், குடுங்க” என்று சரத்தோடு வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, முளைப்பாரியைத் தலையில் ஏற்றினாள். கண்மாய் காய்ந்து கிடந்ததால் ஊர்க் கிணற்றில் கரைத்தார்கள். காப்பு அவிழ்ந்தது. நான் வெறும் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பினேன். சைக்கிள் இவ்வளவு லேசாக ஓடும் என்பதே மறந்து போயிருந்தது.

சித்திரை ஒண்ணாந் தேதி காலையில் மைத்துனன் வந்தான். கையில் பலகை இல்லை. முகம் சரியில்லை. நான் பெட்டியைத் திறந்து காட்டினேன். குனிந்து மூலையெல்லாம் பார்த்தான்.

“பெட்டி கெடக்கட்டும் அத்தான். நீங்க பொம்பளைக கூட நின்னு கும்மி அடிச்சீகளாமே?”

“அடிச்சேன் மாப்ள.”

“கடைக்கு வாரவனெல்லாம் அதத்தான் கேக்கான். உப்பு வாங்க வந்தவன் பாடியே காட்டுறான். எட்டு வளையலாம்! நாலு பேரு மதிக்கிற கடை எங் கடை. இனிமே ஒங்களக் கொண்டாந்து உக்கார வச்சேன்னா, சரக்கு வாங்க ஆளு வரமாட்டான், வேடிக்க பாக்கத்தான் வருவான். பெட்டி காலியானாலும் சரி, நெறஞ்சாலும் சரி, நீங்க எங் கடைப் பக்கம் வேண்டாம்.”

உள்ளே என் மனைவி எதையோ தாளித்துக்கொண்டே சிரிக்கிற சத்தம் கேட்டது.

“அப்படியே ஆகட்டும். ஒரே ஒரு ஒத்தாசை மட்டும் செய்யி மாப்ள” என்றேன். “ஒங் கடைக்கு எல்லா ஊருச் சனமும் வருது. எந்த ஊருல என்னைக்குக் காப்புக் கட்டுறாகன்னு மட்டும் கேட்டு வையி.”

என்னை முறைத்தான். செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வரைக்கும் போய்விட்டான். வியாபாரி இல்லையா, வாய் சும்மா இருக்கவில்லை.

“கமுதி ரோட்டுல ரெண்டு ஊருக்கு வார செவ்வாக்கெழம காப்பு” என்றான் திரும்பிப் பார்க்காமலே. “இந்த வாட்டியாச்சும் அளவு கலந்து எடுங்க. பெரிய கையிக்கு இல்லேன்னு திருப்பி விட்டீகளாமே, யாராச்சும் அப்படிச் செய்வாகளா?”